அரிப்பு அடங்கினால் நோய் அடங்கிற்றா?

மாலை வேளையில் மருந்துக் கடை முன்னே நிற்கும் ஒரு தாய், தன் ஏழு வயதுப் பிள்ளையின் இடுப்பில் அரைஞாண் கயிறு உராயும் இடத்தில் வட்டமாய்ப் படர்ந்திருக்கும் செந்நிறத் தடிப்பைச் சட்டையைத் தூக்கிக் காட்ட, கடைக்காரரும் கணமேனும் யோசியாமல் ஒரு களிம்பை எடுத்து நீட்ட, மூன்றே நாளில் அரிப்பு நின்று சிவப்பும் மங்கிவிட, வைத்தியருக்குக் கொடுக்கும் பணமும் அரைநாள் கூலியும் மிச்சமென்று அவள் மகிழ்வது நம் ஊர்களில் அன்றாடம் காணும் காட்சி. அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிப்பதில்லை. களிம்பை நிறுத்திய சில நாட்களில், ஒரு ரூபாய் நாணய அளவிலிருந்த வட்டம் உள்ளங்கையளவாகித் தொடைக்கும் இறங்கி, பக்கத்தில் படுக்கும் தங்கையையும் தொற்றிக்கொள்கிறது.

இதன் காரணம் யாதெனில், அந்த வட்டத் தடிப்பான படர்தாமரை பூஞ்சையால் வரும் நோய்; அவ்வாறு கைமாறும் களிம்புகளிற் பலவோ பூஞ்சைக்கொல்லியோடு ஸ்டீராய்டையும் கலந்தவை. ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்வதில்லை; பூஞ்சையை எதிர்த்து உடல் நடத்தும் போரின் அடையாளங்களான சிவப்பையும் அரிப்பையும் மட்டுமே அடக்குகிறது. திருடன் உள்ளே இருக்க, குரைக்கும் நாயின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பான காரியம் இது. இவ்வாறு உருமாறி அடையாளம் தெரியாமற்போகும் படர்தாமரைக்கு 1968-லேயே மருத்துவ ஏட்டில் 'டினியா இன்காக்னிட்டோ' என்று தனிப்பெயர் வழங்கப்பட்டது.

குழந்தைகளின் உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிகுதியாதலால், வீரியமான ஸ்டீராய்டு நெடுநாள் பூசப்படும்போது இரத்தத்திற் கலந்து வளர்ச்சியையே தடைப்படுத்தக்கூடும். இடுக்குகளில் தோல் மெலிந்து விழும் வரித் தழும்புகளோ முற்றிலும் மறைவதில்லை. பருவ வயதினர் பருவுக்கும் சிவப்பழகுக்கும் இக்களிம்புகளை முகத்தில் பூசினால், பரு பெருகுவதும் பூனைமயிர் வளர்வதும் நிறுத்தியவுடன் முகம் எரிவதும் சர்வ சாதாரணம். ஆயினும் ஸ்டீராய்டு விஷமன்று; கரப்பான் முதலியவற்றுக்குத் தக்க வீரியத்தில், தக்க காலத்துக்கு, மருத்துவர் சொற்படி பூசினால் அதுவே உற்ற மருந்து.

தலையில் வரும் படர்தாமரையைப் பலர் புழுவெட்டு என்று எண்ணிச் சின்ன வெங்காயத்தைத் தேய்க்கின்றனர். புழுவெட்டில் புழுவும் இல்லை, தொற்றும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்கால்களைத் தாக்குவதால் முடி உதிர்ந்த இடம் வழவழவென்றிருக்கும். பூஞ்சையாயின் செதில் உதிரும், முடி முறிந்து கரும்புள்ளிகளாய் நிற்கும், சில வேளை சீழ்க்கட்டிபோல் வீங்கி, தாமதித்தால் முடியே முளைக்காத வடுவாகிவிடும். மயிர்க்காலுக்குள் குடியேறிய பூஞ்சைக்கு மேற்பூச்சு மட்டும் போதாது. கிரிசியோஃபுல்வின், டெர்பினாஃபின் போன்றவற்றை மருத்துவர் குறித்தபடி வாரக்கணக்கில் உட்கொள்ள வேண்டும். சீப்பும் துண்டும் தனித்தனியே இருத்தல் அவசியம்.

2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு மேற்பூச்சுகள் பலவற்றை 'எச்' அட்டவணையில் சேர்த்தது. அதாவது, மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்கலாகாது. ஆகையால் சீட்டில்லாமல் நீட்டப்படும் களிம்பை மறுப்பதும், உறையிலுள்ள எச்சரிக்கையைப் படிப்பதும், ரசீது கேட்பதும் நம் உரிமை. விதி மீறப்பட்டால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் முறையிடலாம். தீங்கு நேர்ந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

பணமில்லை என்று தயங்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழு தோல் நோய்களையும் சோதிக்கும். வெளிறிய திட்டில் உணர்ச்சி குன்றியிருந்தால், தேமல் என்று வாளாவிருக்கலாகாது. அது தொழுநோயாயினும் இலவச மருந்தால் முற்றும் குணமாகும்.

அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு: மருத்துவரிடம் போகும்போது, திட்டுவாரோ என்று அஞ்சி அந்தக் களிம்பை ஒளித்துவைக்காமல், பிதுக்கித் தீர்ந்த டியூபாயினும் பையில் போட்டு எடுத்துச் செல்லட்டும், மறைந்து நிற்கும் நோயை அடையாளங்காண அதுவே முதற் சாட்சி.