அடிக்குறிப்பின் அறிவிப்பாளர் தொடர்

மாமல்லபுரத்துக் கடலில் ஆறு கோயில்கள் மூழ்கிக் கிடக்கின்றன என்னும் செய்தியைக் கேளாதார் இலர். இச்செய்திக்குச் சுட்டப்படும் பழைய எழுத்துகளுள் ஒன்று, 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் (1788) வந்த வில்லியம் சேம்பர்ஸின் கட்டுரை. செங்கற்பட்டுக் கடற்கரை பற்றி எழுதுகையில் நாமும், 'கடலுக்குள் கோயில் முகடுகளைச் சேம்பர்ஸ் கண்டார்' எனப் பிறரொருவர் நூலை நம்பி எழுதி, அடிக்குறிப்பில் சேம்பர்ஸையே காட்டியிருந்தோம். அச்சுக்கு அனுப்புமுன் மூலத்தைத் திறந்தபோது நாணமுற்றோம்.

சேம்பர்ஸ் அவ்வாறு கூறவேயில்லை. செம்புத் தகடு வேய்ந்த முகடுகள் கடலில் வெகு தொலைவில் காலை வெயிலில் மின்னியதை ஊரின் முதியோர் நினைவுகூர்ந்தனர், ஊரார் அதனை அவரிடம் கூறினர், அவர் எழுதினார். அவ்வளவே. அதிலும், 1772, 1776 ஆகிய ஆண்டுகளில் அங்குச் சென்ற அவர், ஏறத்தாழ எட்டாண்டுகள் கழித்து நினைவிலிருந்தே எழுதினார். ஹதீஸ் கலை வல்லார் முன் இத்தொடரை வைத்தால், முதல் அறிவிப்பாளர் யாரெனத் தெரியாத 'மஜ்ஹூல்' என்பர். நாமோ இடைக் கண்ணிகளையெல்லாம் விழுங்கி, செவிவழிச் செய்தியைக் கண்கண்ட சாட்சியமாக்கிவிட்டோம். கடலோர முதியோரின் நினைவு என்ற வகையில் அதற்கிருந்த மதிப்பும் அத்துடன் மறைந்தது.

நூற்பட்டியலிலும் பிழை இருந்தது. சேம்பர்ஸின் பெயருக்குமுன் 'சர்' என்று சேர்த்திருந்தோம். அப்பட்டத்துக்குரியவர் அதே காலத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞரான மற்றொரு வில்லியம் சேம்பர்ஸ். ஆண்டையும் 1784 என இட்டிருந்தோம். அது எழுதிய ஆண்டு, அச்சான ஆண்டன்று. பட்டியலை மட்டும் திரும்பப் படித்தால் இவை புலப்படா. நூலின் முகப்பேட்டைக் கண்முன் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிடல் வேண்டும். பின்னர், குறித்த பக்கத்தைத் திறந்து, 'நாம் கூறுவதை இவர் கூறுகிறாரா?' என வினவல் வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், பிறரிடம் ஒப்படைக்கவும் இயலாது.

2002இல் தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் பிரிட்டிஷ் குழுவினரும் இக்கடலில் மூழ்கிச் சுவர்ப் பகுதிகளையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். அதனைக் கூறுவோர் அவர்தம் அறிக்கையைக் காட்டுக. சேம்பர்ஸ் அதற்குச் சாட்சியாகார். அவரது கட்டுரையைக் கார் என்பார் 1869இல் சென்னையில் வெளியிட்ட தொகுப்பில் படித்தவர், அத்தொகுப்பையும் சேர்த்துக் குறிப்பதே நேர்மை.

நாம் அவ்வாறே செய்தோம். ஒரு வரியாயிருந்த அடிக்குறிப்பு மூன்று வரியாக நீண்டது. 'கண்டார்' என்றிருந்தது 'முதியோர் கண்டதாக ஊரார் கூறக் கேட்டார்' என்றாயிற்று.