செவ்ரோலெட் கோர்வேர் (1969 மாதிரி)

செவ்ரோலெட் கோர்வேர் என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960 முதல் 1969 வரையிலான மாதிரி ஆண்டுகளில் தயாரித்த சிறிய ரக மகிழுந்து ஆகும். காற்றால் குளிர்விக்கப்படும் ஆறு உருளை இயந்திரம் இதன் பின்பகுதியில் அமைந்திருந்தது. இறுதி மாதிரியான 1969 கோர்வேர் 6,000 மட்டுமே தயாரிக்கப்பட்டது.

பின்னணி

1960–63 மாதிரிகளில் பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சுகளில் பொருத்தப்பட்டிருந்தன. வளைவில் மிக வேகமாகத் திரும்பும்போது பின்சக்கரம் உட்புறமாக மடிந்து, பிடிமானம் இழக்க வாய்ப்பு இருந்தது. இதைக் குறைக்க முன்சக்கரங்களில் பின்சக்கரங்களைவிடக் குறைவான காற்றழுத்தம் வைக்குமாறு நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால் உரிமையாளர்கள் பலர் அதைப் பின்பற்றவில்லை. 1964 மாதிரியில் சில திருத்தங்கள் செய்யப்பட்டன. 1965 மாதிரியில் சஸ்பென்ஷன் முழுவதும் புதிதாக வடிவமைக்கப்பட்டு, இக்குறை நீக்கப்பட்டது.

விற்பனைச் சரிவு

ரால்ப் நேடர் 1965 நவம்பரில் வெளியிட்ட 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' நூலின் முதல் அத்தியாயம் பழைய கோர்வேர் மாதிரிகளைக் கடுமையாக விமர்சித்தது. குறை நீக்கப்பட்ட பிறகு நூல் வெளிவந்தபோதும், அவப்பெயர் புதிய மாதிரிகளையும் பாதித்தது. 1964 ஏப்ரலில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங்கின் போட்டியும் சரிவுக்கு முக்கியக் காரணமாகும். 1965 மாதிரி 2 லட்சத்துக்கும் மேல் தயாரானது. 1968 மாதிரி சுமார் 15,400 மட்டுமே.

1969 மாதிரி

இம்மாதிரி 500 கூபே, மோன்சா கூபே, மோன்சா திறந்த கூரை ஆகிய மூன்று வகைகளில் கிடைத்தது. நான்கு கதவு வகை 1967-உடன் நிறுத்தப்பட்டிருந்தது. 2.7 லிட்டர் இயந்திரம் 95, 110, 140 குதிரைத்திறன் அளவுகளில் வழங்கப்பட்டது. திறந்த கூரை வகையில் 521 மட்டுமே தயாராயின. மிச்சிகன் மாநிலத்தின் வில்லோ ரன் தொழிற்சாலையில் 1969 மே 14 அன்று கடைசி கோர்வேர் வெளிவந்தது. அது பொன்னிற மோன்சா கூபே ஆகும்.

தாக்கம்

நேடரின் நூல் எழுப்பிய விவாதம், 1966-இல் அமெரிக்காவில் தேசிய வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற உதவியது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1960–63 மாதிரிகளைச் சோதித்து 1972-இல் அறிக்கை வெளியிட்டது. அக்காலத்தின் ஒத்த மகிழுந்துகளோடு ஒப்பிடுகையில், கோர்வேர் கட்டுப்பாடு இழக்கவோ கவிழவோ வழக்கத்தை மீறிய வாய்ப்பு இல்லை என்பது அதன் முடிவு. நேடர் இதை ஏற்கவில்லை. அறிக்கை வெளியானபோது கோர்வேர் உற்பத்தி முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.