மதகுக்கு ஒரு எண்

கும்மிடிப்பூண்டி தாண்டி வடக்கே போகிற பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆரம்பாக்கம் என்றால் எல்லை. எளாவூர் சோதனைச்சாவடி, வரிசையில் நிற்கும் லாரிகள், பிறகு ஆரம்பாக்கம், அடுத்தது தடா. பெயர்ப் பலகைகளில் தமிழ் முடிந்து தெலுங்கு தொடங்கிவிடும். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அந்த ஊரில் இறங்கி, சர்வீஸ் ரோடு ஓரமாகக் கொஞ்சம் நடந்து, சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலம் எதையாவது தேடிப் பாருங்கள். ஊர்க்காரர்கள் மதகு என்பார்கள், 'கல்வர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கல்வெட்டு என்பாரும் உண்டு. அதன் கைப்பிடிச் சுவரில் பின்னம் போல, மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் எழுதியிருக்கும். மேல் எண் எந்தக் கிலோமீட்டர் என்பது. கீழ் எண் அந்தக் கிலோமீட்டருக்குள் இது எத்தனையாவது பாலம் அல்லது மதகு என்பது. 33/4 என்றிருந்தால் முப்பத்துமூன்றாவது கிலோமீட்டரில் நான்காவது. இந்தியாவின் நெடுஞ்சாலைகளில் தண்ணீர் கடக்கும் ஒவ்வொரு வாய்க்கும் இப்படி ஒரு முகவரி இருக்கிறது.

இந்த எண்ணைப் பார்த்ததும் நின்றுவிடுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். ரயில் எஞ்சின்களின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் ரயில் ரசிகர்களை நமக்குத் தெரியும். சாலை ரசிகர்களும் அதே ரகம்தான். புதிய பாலத்தில் தூண் எழும்புவதை மாதாமாதம் போய்ப் பார்ப்பார்கள், கைவிடப்பட்ட பழைய சாலைத் துண்டைப் புதருக்குள் தேடுவார்கள், மைல்கல்லைப் படம் எடுப்பார்கள். பிரிட்டனில் முதல் மோட்டார் சாலையான பிரஸ்டன் புறவழிச்சாலை 1958 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. அந்தத் தேதியை வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளைப் போல நினைவில் வைத்திருப்பவர்கள் அங்கே உண்டு. நம்மூரில் இதற்குத் தனிப் பெயர் இல்லை. ஆனால் கத்திப்பாரா மேம்பாலத்தின் இலை வளைவுகளை வானிலிருந்து எடுத்த படத்தை ஆசையோடு வெட்டி வைத்துக்கொண்டவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். அவர்களுக்கு ஆரம்பாக்கத்தை நான் சிபாரிசு செய்வேன். இங்கே அண்ணாந்து பார்க்கப் பிரம்மாண்டம் எதுவும் இல்லை. ஒரு சாலை தண்ணீரோடு எப்படிப் பேசித் தீர்த்துக்கொள்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

முதலில் இந்தச் சாலையின் பெயர். சென்னைக்காரர்களின் நாவில் இன்றும் இது ஜி.என்.டி. ரோடு, வடக்கே போகும் பெருஞ்சாலை. லாரி ஓட்டுநர்களிடம் பல காலம் என்.எச். 5. இப்போது தேசிய நெடுஞ்சாலை 16. நாடு முழுவதும் எண்களை மாற்றியது 2010இல். புதிய முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வடக்கு தெற்காக ஓடும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். அதனால்தான் வங்கக் கடலோரம் 16, நாட்டின் நடுவே ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைப்பது 44, அரபிக் கடலோரம் 66. கிழக்கு மேற்காக ஓடுபவற்றுக்கு ஒற்றைப்படை. வடக்கிலிருந்து தெற்கே கூடும். மூன்று இலக்கம் என்றால் கிளை. சென்னையிலிருந்து திருத்தணி, ரேணிகுண்டா பக்கம் போகும் 716, இந்தப் 16இன் கிளை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு வரைபடம் பேச ஆரம்பித்துவிடும்.

மைல்கல்லும் அப்படித்தான். மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை. இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு இடையே 2, 4, 6, 8 என்று மட்டும் எழுதிய குட்டிக் கற்கள் 200 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும். விபத்து எங்கே, குழி எங்கே என்று கேட்டால் "அந்தப் புளியமரத்துக்குப் பக்கத்தில்" என்று சொல்லத் தேவையில்லாமல் செய்தவை இந்தக் கற்கள்.

தங்க நாற்கரம் என்ற பெயரில் தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைக்கும் 5,846 கிலோமீட்டர் திட்டத்துக்கு 1999 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதில் மிக நீளமான பக்கம் சென்னை–கொல்கத்தா, 1,684 கிலோமீட்டர். ஆரம்பாக்கம் அந்தப் பக்கத்தின் தெற்கு நுனியில் இருக்கிறது. சாலை நான்கு வழியாகி, பிறகு இந்தப் பகுதியில் ஆறு வழியாக விரிந்தது. விரிய விரிய அதன் அடியில் உள்ள மதகுகளும் நீண்டன. பழைய மதகோடு புதியதை ஒட்டிய இடத்தில் கான்கிரீட்டின் நிறம் மாறியிருப்பதை உள்ளே குனிந்து பார்த்தால் காணலாம். மரத்தில் வயது வளையம் பார்ப்பது போன்றது அது.

இனி தண்ணீர். மேற்கே நாகலாபுரம் பக்கத்து மலைகள். கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கும் அப்பால் ஸ்ரீஹரிகோட்டா தீவு, கடல். வடகிழக்குப் பருவமழை கொட்டினால் மேற்கிலிருந்து வரும் வெள்ளம் எல்லாம் ஏரியைத்தான் தேடும். குறுக்கே நிற்பவை இரண்டு: ரயில் பாதையும் இந்த நெடுஞ்சாலையும். இரண்டுமே மண் மேடுகள். வேறு வார்த்தையில் சொன்னால் இரண்டும் கரைகள். யாரும் அணை கட்ட நினைக்கவில்லை என்றாலும், மதகு போதாத சாலை அணையாகிவிடும். அப்போது மேற்குப் பக்கத்து வயல்களில் தண்ணீர் தேங்கும். ஏரிக்கு வரவேண்டிய நன்னீர் வராது. கடைசியில் சாலையே உடையும். 2021 நவம்பரில் வட பெண்ணை பெருக்கெடுத்தபோது நெல்லூர் அருகே இதே நெடுஞ்சாலை அரிக்கப்பட்டுப் போக்குவரத்து நின்றது.

பொறியாளர்களின் கணக்கில் 6 மீட்டர் வரை மதகு, அதற்கு மேல் 60 மீட்டர் வரை சிறு பாலம், 60 மீட்டரைத் தாண்டினால் பெரும் பாலம். ரசிகர்கள் பெரும் பாலத்தைத்தான் தேடிப் போவார்கள். என் ஓட்டு மதகுக்கு. ஆறு எங்கே ஓடும் என்று யாருக்கும் தெரியும். வருடத்தில் பத்து நாள் மட்டும் ஓடும் ஓடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு எவ்வளவு வாய் திறந்துவிடவேண்டும் என்று முடிவெடுப்பதுதான் கடினமான வேலை.

சாலை கட்டும் கலையின் உயிர் தண்ணீரை விலக்குவதில் இருக்கிறது என்பதைப் பளிச்சென்று சொன்னவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்காடம். 1816இல் பிரிஸ்டல் நகரச் சாலைகளுக்குப் பொறுப்பேற்றவர். பாரத்தைத் தாங்குவது கல் அல்ல, அடியில் உள்ள மண்தான். அது உலர்ந்திருக்கும்வரை எவ்வளவு பாரத்தையும் தாங்கும் என்பது அவர் கொள்கை. மேலே பரப்பும் ஜல்லி அந்த மண்ணுக்குக் கூரை. அதற்கு அவர் வழவழப்பான கூழாங்கல்லைத் தவிர்த்து, உடைத்த கூர்மூலைக் கற்களைத் தேர்ந்தெடுத்தார். சக்கரம் ஏற ஏற அவை ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். இருநூறு வருடம் கழித்தும் நம் சாலைப் பணியிடத்தில் அவர் பெயர் ஒலிக்கிறது: தொழிலாளர்கள் "வெட்மிக்ஸ்" என்று சுருக்கிச் சொல்வதன் முழுப் பெயர் வெட் மிக்ஸ் மெக்காடம்.

சாலை போடும் வேலை நடக்கும் இடம் கிடைத்தால் அரை நாள் நின்று பாருங்கள். அடியில் இறுக்கிய மண். அதன் மேல் தண்ணீர் வடிந்து போகும்படி சரளைக் கலவை. அதற்கு மேல் அளவான ஈரத்தோடு கலந்து வந்த வெட்மிக்ஸ். பிறகுதான் தார் கலந்த அடுக்குகள், அடியில் பருமனான ஜல்லி, மேலே பொடி ஜல்லி. தார் என்று நாம் சொல்வது இன்று தார் அல்ல. பழைய தார் நிலக்கரியிலிருந்து வந்தது. இப்போது ஊற்றுவது பெட்ரோலிய ஆலையின் அடிக்கசடான பிட்டுமென். கலவை ஆலையிலிருந்து ஏறக்குறைய 150 டிகிரிச் சூட்டில் லாரியில் வரும். ஆறுவதற்குள் பேவர் இயந்திரம் பரப்பி, ரோலர் உருட்டி முடிக்கவேண்டும். சூடு போன கலவை இறுகாது, இறுகாத இடத்தில் தண்ணீர் புகும், புகுந்த இடத்தில் அடுத்த மழைக்குக் குழி. சாலையின் மேல்பரப்பு சமதளமாக இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். 100 சென்டிமீட்டர் அகலத்துக்கு 2 அல்லது 2.5 சென்டிமீட்டர் சரிவு. நடக்கும்போது காலுக்குத் தெரியாது, மழைத் தண்ணீருக்குத் தெரியும்.

ஏரிக்கரை மண் களிமண்ணும் சேறும். அதன் மேல் மேடு கட்டினால், ஈரத்தைப் பிழிந்துகொண்டே வருடக்கணக்கில் அமுங்கும். பாலமோ ஆழத்தில் இறங்கிய தூண்கள் மேல் நிற்பதால் அமுங்காது. இதனால்தான் பேருந்து பாலத்தில் ஏறும் இடத்தில் ஒரு தூக்கிப் போடல். பாலத்துக்குள் போன பிறகு சீரான இடைவெளியில் "டக்... டக்" என்று கேட்பது வேறு. வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் பாலத்துக்காக விட்ட இடைவெளி மேல் சக்கரம் ஏறும் சத்தம் அது. கண்ணை மூடிக்கொண்டு இந்த இரண்டு சத்தங்களையும் பிரித்துச் சொல்ல முடிந்தால், சாலையைப் படிக்கும் வித்தை பாதி வந்துவிட்டது. டக்குகளை எண்ணினால் பாலத்துக்கு எத்தனை கண் என்பதும் தோராயமாகக் கிடைக்கும்.

எளாவூரில் நிற்கும் லாரிகளைப் பார்க்கும்போது இன்னொரு கணக்கு நினைவுக்கு வரவேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, 1958 முதல் 1960 வரை சோதனைக்கென்றே சாலைகள் போட்டு லாரிகளை இரவு பகலாக ஓட்டினார்கள். தெரியவந்தது இது: அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு. 10 டன் அச்சில் 11 டன் ஏற்றினால் பாரம் பத்து சதவீதம்தான் கூடுகிறது, சேதமோ நாற்பது சதவீதத்துக்கும் மேல். எடைமேடையில் ஒரு லாரியை நிறுத்துவது சாலையின் ஆயுளைக் காப்பாற்றும் வேலை.

இந்தக் கரையில் நெடுஞ்சாலை என்றால் ஒரு காலத்தில் அதுவும் தண்ணீர்தான். 1806இல் வெட்டத் தொடங்கிய பக்கிங்ஹாம் கால்வாய் பழவேற்காடு ஏரி வழியாகத்தான் வடக்கே போகிறது. தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை வெட்டிய பிறகு, 1878இல் அப்போதைய ஆளுநரின் பெயர் அதற்கு வந்தது. ஸ்ரீஹரிகோட்டா விறகும் உப்பும் அதில்தான் படகேறிச் சென்னைக்கு வந்தன. போக்குவரத்து சாலைக்கு வந்த பிறகு சரக்கு மாறியது. மகேந்திரகிரியில் உருவாகும் ராக்கெட் பாகங்கள் நீண்ட டிரெய்லர்களில் சாலை வழியாகத்தான் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகின்றன.

அவை கடைசியாக ஏறும் சாலை, சாலை ரசிகர் எவரும் தவறவிடக்கூடாதது. சூளூர்பேட்டையில் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால், ஏரியின் குறுக்கே மேடு போட்டுக் கட்டிய பாதை தீவுக்குக் கொண்டுபோகும். தீவை ராக்கெட் தளத்துக்கென 1969இல் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. இருபுறமும் தண்ணீர், குளிர்காலத்தில் பூநாரைகள், நேர்கோடாக ஓடும் சாலை. இத்தனை அழகான பயணம் இந்தக் கடற்கரையில் வேறு இல்லை. ஆனால் ஏரி பாதைக்கு வடக்கே, தெற்கே என்று இரண்டாகிவிட்டது. தெற்கு முகத்துவாரத்திலிருந்து வரும் கடல் நீர் வடபகுதிக்குப் போக வேண்டுமானால் பாதைக்கு அடியில் விட்ட திறப்புகள்தான் வழி. மேட்டுப் பாதையால் நீரோட்டம் தடைபட்டதை ஏரியை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கடலிலிருந்து ஏரிக்குள் ஏறிவரும் இறால் குஞ்சுக்கும் மடவைக்கும் நீரோட்டம்தான் பாதை. 'பாடு' எனப்படும் இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் குப்பத்து மீனவர்கள், ஏரியில் தண்ணீர் எந்தப் பக்கம் எப்போது இழுக்கும் என்பதை வலையை வைத்தே அறிந்தவர்கள்.

அங்கே போகிறவர்கள் பூநாரைகளைப் பார்த்து முடித்த பிறகு, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு திறப்பின் மேல் நின்று கீழே பாருங்கள். ஒரு காய்ந்த சருகை வடக்குப் பக்கம் போடுங்கள். அது தெற்குப் பக்கம் வெளியே வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். திறப்பின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அடுத்த திறப்புக்குப் போங்கள்.