சைலன்ஸர் கத்துதா? எங்கே விடலாம்?

பட்டுப் புடவை என்றால் ஜரிகையை உரசிப் பார்த்து, நாலு கடை ஏறி இறங்கி எடுக்கிற ஊர் காஞ்சிபுரம். அதே ஆசாமி, கார் சைலன்ஸர் 'டமடம'வென்று கத்தினால் மட்டும், கண்ணில் பட்ட முதல் ஒர்க்‌ஷாப்பில் சாவியை நீட்டிவிடுவார்!

ஆபீஸ், கோயில், மார்க்கெட் என்று கிட்டக் கிட்டவே ஓட்டினால் குழாய் சரியாகச் சூடேறாது. உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும்.

சின்ன ஓட்டையா? வெல்டிங் பட்டறை போதும். 'பேட்டரி ஒயரைக் கழற்றிட்டு வைங்கண்ணே' என்று மறக்காமல் சொல்லுங்கள்.

தகடே உதிர்கிறதா? ஒட்டுப் போடுவது வீண். பின்பக்க டப்பா மட்டும் போதுமா, முழுசும் மாற்றணுமா? வண்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பார்க்காமலே ரேட் சொல்கிறவருக்கு ஒரு கும்பிடு!

கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்றால் உஷார். சென்னை உள்ளிட்ட நாலு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு 1995-லேயே கட்டாயமான சமாச்சாரம். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கும். 'இதை எடுத்துட்டா பிக்-அப் எகிறும் சார்' என்பார்கள். நம்பினால் புகை டெஸ்ட்டில் மாட்டுவீர்கள். கழற்றியது நல்ல விலைக்குப் போய்விடும். இதற்குக் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் சரி. பழசைக் கேட்டு வாங்குங்கள்.

'அடுத்த மாச சம்பளத்தில் பார்த்துக்கலாம்' என்று மட்டும் தள்ளாதீர்கள். ஓட்டை வழியே கார்பன் மோனாக்ஸைடு காருக்குள் வரலாம். நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது, உயிரையே குடித்துவிடும்.

எங்கே மாற்றினாலும் பில்லும் வாரண்ட்டியும் வாங்குங்கள். மறுபடி சைலன்ஸர் கத்தினால், நீங்களும் அங்கே போய்க் கத்தலாமே!