புயல் வருமுன் வீட்டை விட்டு இறங்குவதா, வேண்டாமா?

வெளியூர்களில் வாழும் நம்மவர் குடும்பங்களில் ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் ஒரு கவலை தொற்றிக்கொள்ளும். ஊரில் வயதான அம்மாவோ அப்பாவோ தனியே இருப்பார்கள். வங்கக் கடலில் ஒரு சுழி உண்டாகியிருக்கிறது என்று செய்தி வரும். உடனே மும்பையிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் தொலைபேசி மணி அடிக்கும். "அம்மா, புயல் எங்கே இருக்கு?" என்று பிள்ளை கேட்பான். கடலில் நிற்கும் புயலைப் பற்றி அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? அவனுக்குத்தான் அவரைவிடத் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின் நான் வசிக்கும் செங்கல், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ள ஊர். 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு வரை தமிழ்நாட்டுக்குப் போக, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. கடல் எங்களுக்குச் சற்றுத் தள்ளி, பூவாறு, பொழியூர்ப் பக்கம். எனவே புயல் என்பது கடற்கரைக்காரர் சங்கதி என்றே இங்கே பலரும் இருந்தார்கள். 2020 டிசம்பரில்தான் அந்த நினைப்பு மாறியது.

அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று வங்கக் கடலில் உருவான 'புரெவி' புயல், மறுநாள் இரவு இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அங்கிருந்து மன்னார் வளைகுடாவில் இறங்கி, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே 4-ஆம் தேதி அதிகாலையில் மீண்டும் கரை கடக்கும், பிறகு திருவனந்தபுரம் மாவட்டத்தின் வழியே அரபிக் கடலுக்குப் போகும் என்று வானிலைத் துறை கணித்தது. வரைபடத்தில் அந்தக் கோடு ஏறக்குறைய எங்கள் தலைக்கு மேலே போயிற்று! மாவட்டத்தில் 200-க்கும் மேற்பட்ட முகாம்கள் திறக்கப்பட்டன. பொன்முடி எஸ்டேட் லயங்களில் இருந்தவர்களை மலையை விட்டுக் கீழே இறக்கினார்கள். 4-ஆம் தேதி ஐந்து மாவட்டங்களுக்கு விடுமுறை. திருவனந்தபுரம் விமான நிலையத்தையும் காலை பத்து மணி முதல் மாலை ஆறு வரை மூடினார்கள்.

இத்தனை மும்முரத்துக்குக் காரணம் புரெவி மட்டுமல்ல. மூன்றாண்டுக்கு முன் நடந்த ஒக்கியின் பயமும் சேர்ந்துகொண்டது. 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-ஆம் தேதி காலையில் புயலாகிவிட்டது. ஒரு முழு நாள் கூட இல்லை. அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்களுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கரைக்கு ஏறாமல் கடலோடு போன அந்தப் புயலே குமரி மாவட்டத்தில் ரப்பரையும் வாழையையும் சாய்த்துப் பல நாள் கரண்ட் இல்லாமல் ஆக்கியது. ஒக்கியில் போவதா இருப்பதா என்று முடிவெடுக்கும் வாய்ப்பே யாருக்கும் கிடைக்கவில்லை. புரெவியில் மூன்று முழு நாள் கிடைத்தது. மூன்று நாள் கிடைத்தாலும் முடிவெடுப்பது எளிதாக இல்லை என்பதைத்தான் அன்று பார்த்தோம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, எழுபத்தைந்து தாண்டியவர். ஓட்டு வீடு, மண் சுவர், பின்புறம் கூரைமேல் சாய்ந்து நிற்கும் பெரிய பலாமரம். மகன் வளைகுடாவில். 3-ஆம் தேதி மத்தியானம் வார்டு மெம்பரும் நாங்கள் நாலு பேரும் போய், பள்ளிக்கூடத்து முகாமுக்கு வாருங்கள் என்றோம். "ஒக்கிக்கு நிண்ண வீடு மக்கா, இதுக்கா விழப் போவுது?" என்றார். பசுவை யார் பார்ப்பது, கொரோனா காலத்தில் பத்துப் பேரோடு எப்படிப் படுப்பது, பூட்டிய வீட்டில் திருடன் வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாமே நியாயமான கேள்விகள். பிடிவாதம் என்று தள்ள முடியாது. கடைசியில் மகன் தொலைபேசியில் அழுத பிறகு, முகாமுக்கு வராமல் எதிர்வீட்டுக் கான்கிரீட் கூரைக்குக் கீழே வந்து படுத்தார்.

இரவெல்லாம் ஒரு தூறல். அவ்வளவுதான். புரெவி 3-ஆம் தேதி இரவே வலுவிழந்து, ராமநாதபுரத்துக்கு அருகே கடலிலேயே இரண்டு நாளாக நின்றுவிட்டது. அதன் மழை எல்லாம் காவிரிக் கடைமடைக்குப் போயிற்று. கொள்ளிடத்தில் ஒரே நாளில் 36 செ.மீ. பதிவாயிற்று. இங்கே மறுநாள் வெயில். "வெறுதே என்னை இழுத்துப் போட்டியளே" என்று அக்கா கேட்டார். ஊரில் பலரும் அதையேதான் கேட்டார்கள். அடுத்த முறை சொன்னால் எவர் வருவார் என்று டீக்கடையில் விவாதமே நடந்தது.

வானிலைக்காரர் பொய் சொன்னாரா? இல்லை. 24 மணி நேரத்துக்கு முன்னால் அவர்கள் குறிக்கும் இடத்துக்கும் புயல் உண்மையில் போய்ச் சேரும் இடத்துக்கும் அந்த ஆண்டுகளில் சராசரி வித்தியாசம் ஏறக்குறைய 77 கி.மீ. முன்பிருந்ததைவிட இது எவ்வளவோ முன்னேற்றம். ஆனால் செங்கலிலிருந்து 77 கி.மீ. என்பது கன்னியாகுமரியைத் தாண்டிப் போகும் தூரம். "உங்கள் வீட்டுக்கு வரும்" என்று எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியாது. "இந்தப் பக்கம் வரும்" என்றுதான் சொல்ல முடியும். ஆகவே பத்து முறை இறங்கினால் பெரும்பாலான முறை வெறுதேதான் இறங்கியிருப்போம். கணக்கே அப்படி.

இதை ரயில்வேக்காரனுக்குப் புரியவைக்க வேண்டியதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் புரெவியின் பாதைக்கு அருகேதான் வந்தது. வவுனியா வழியாக இலங்கையைக் கடந்து, 22-ஆம் தேதி நள்ளிரவில் பாம்பன் பக்கம் ஏறியது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது சிக்னல் விளக்கு இல்லை. சற்று நின்றுவிட்டு வண்டி மெல்ல நகர்ந்தது. பேரலை வந்து வண்டியையே கொண்டுபோயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் கர்டர்கள் பெரும்பாலும் கடலுக்குள் போயின. ஶ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் அதை மீட்டு நிறுத்திய கதையை எங்கள் இலாகாவில் பெருமையோடு சொல்வார்கள். அந்த வண்டியின் கதையைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். இருட்டில், மழையில், விளக்கில்லாத சிக்னலின் முன்னே ஒரு டிரைவர் தனியாக முடிவெடுக்க வேண்டி வந்ததே, அதுதான் அதில் கொடுமை.

பிற்காலத்தில் அந்தப் பழைய பாலத்தில் காற்றுமானி வைத்தார்கள். காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், வண்டி நிற்கும். டிரைவரிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. ஸ்டேஷன் மாஸ்டருடன் விவாதம் இல்லை. 2022-இல் அந்தப் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தும் வரை எத்தனையோ முறை வண்டிகள் நின்றன, பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, காற்று தணிந்ததும் போயின. "வெறுதே நிறுத்தினீர்கள்" என்று எவரும் சண்டைக்கு வந்ததில்லை. ஏனென்றால் எப்போது நிற்பது என்பதை, காற்று இல்லாத ஒரு நாளில், வெயிலில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள். வீட்டுக்கும் அதே மாதிரி ஒரு 58 வேண்டும் என்பது என் கட்சி. அது என்ன என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

இதில் முதலில் பிரிக்க வேண்டியது தண்ணீரையும் காற்றையும். கடலோரத்துக்காரருக்குப் பயம் தண்ணீர். பொழியூரிலோ பூவாறிலோ உறவினர் இருந்தால் கேள்வியே கிடையாது, சொன்னவுடன் இறங்க வேண்டும். கடல் உள்ளே வந்தால் கான்கிரீட் வீடும் காப்பாற்றாது. 1977 நவம்பரில் ஆந்திரத்துத் திவிசீமையில் பத்தாயிரத்துக்கும் மேல் மாண்டது கடல் ஏறியதால்தான். நெய்யாற்றின் கரையோரத்தில் தாழ்ந்த மனை இருந்தாலும் அப்படியே, அணையின் ஷட்டரைத் தூக்கினால் ஆறு எழும்பிவிடும். மற்றபடி செங்கல் போன்ற மேட்டு ஊர்களில் பயம் காற்றும், மரமும், மண்சரிவும். இதற்கு ஊரை விட்டுப் போக வேண்டாம், கூரையை மாற்றினால் போதும்.

கூரை விஷயத்தில் ஒரு வார்த்தை. காற்று கூரையை அமுக்குகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது தூக்குகிறது. இறவாரத்து ஓடுகளும் முகட்டு ஓடுகளும் முதலில் போவது அதனால்தான். வேகம் 60-லிருந்து 90 ஆனால் விசை ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு. ஒக்கிக்கு நின்ற வீடு அடுத்ததற்கும் நிற்கும் என்பதற்கு அத்தாட்சி இல்லை. அன்று காற்று எந்தத் திசையில் அடித்தது, அதன் பிறகு சுவர் எத்தனை மழை குடித்தது என்பதெல்லாம் உண்டு.

நெடுந்தூரம் ஓடுவதிலும் ஆபத்து உண்டு. இதை ஹூஸ்டனில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் நன்கு அறியும். 2005-இல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த மூன்றாம் வாரம் 'ரீட்டா' வருகிறது என்றதும், ஹூஸ்டன் பகுதியிலிருந்து ஏறக்குறைய 25 லட்சம் பேர் ஒரே சமயத்தில் காரை எடுத்துக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் ஒரு நாள் முழுக்க நகராமல் வெயிலில் வெந்தவர்கள் பலர். முதியோர் இல்லத்திலிருந்து வந்த பஸ் ஒன்று தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். ரீட்டாவோ கிழக்கே திரும்பிப் போய்விட்டது. இந்தச் சூட்டில்தான் 2017-இல் 'ஹார்வி' வந்தபோது ஹூஸ்டன் நகரத்தைக் காலி செய்யச் சொல்லவில்லை. சில இடங்களில் 100 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, மக்கள் மாடியிலிருந்து படகில் இறங்கினார்கள். அந்த முடிவு சரியா தவறா என்று அங்கே பின்னும் விவாதித்தார்கள்.

ஒடிசாக்காரர்கள் இந்த வழக்கைத் தீர்த்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 1999-இல் பத்தாயிரம் உயிர் போன பிறகு, கடற்கரை நெடுக நடந்து போகும் தூரத்தில் உயரமான புயல் காப்பகங்களைக் கட்டினார்கள். 2013-இல் பைலின் வந்தபோது சுமார் 10 லட்சம், 2019-இல் ஃபானி வந்தபோது 12 லட்சம் பேர் இறங்கினார்கள். ஃபானியில் இறந்தவர் அறுபது சொச்சம். யாரும் நூறு கி.மீ. ஓடவில்லை. பக்கத்திலே, தெரிந்த இடத்துக்கு, தெரிந்த ஆட்களோடு போனார்கள்.

ஆகையால் தொலைபேசியில் "புயல் எங்கே?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்று ராத்திரி எந்தக் கூரைக்குக் கீழே படுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் ஆவணி, புரட்டாசியிலேயே தயாராக இருக்க வேண்டும். எதிர்வீடா, தம்பி வீடா, பள்ளிக்கூடமா? அந்த வீட்டுக்காரரிடம் நீங்களே பேசி ஒப்புதல் வாங்குங்கள். பெற்றோர் கேட்கக் கூச்சப்படுவார்கள். பசுவை அவிழ்த்துக் கட்டுவது யார், மாத்திரைப் பையும் நிலப் பத்திரமும் எங்கே, நடக்க முடியாதவரைத் தூக்க எந்த இரண்டு பேர் என்பதெல்லாம் பெயரோடு இருக்கட்டும். பிறகு சிக்னல். எங்கள் தெருவில் நாங்கள் வைத்திருப்பது இதுதான்: மாவட்டத்துக்குப் புயல் எச்சரிக்கையோ மழைக்குச் சிவப்பு எச்சரிக்கையோ வந்தால், ஓட்டு வீடு, ஷீட் வீடு, மண் வெட்டிய சரிவை ஒட்டிய வீடு எல்லாம் அன்று மாலை ஐந்து மணிக்குள் காலி. இருட்டிய பின் யாரும் நகரக் கூடாது. காற்றில் மரம் முறியும் இரவில் பத்தடி நடப்பதும் ஆபத்து. ஐந்து மணிக்குப் போகாதவர் வீட்டுக்குள் மரத்துக்கு எதிர்ப்புற அறையில் இருக்க வேண்டும்.

சரிவு வீட்டை ஏன் சேர்த்தோம் என்றால், 2021 நவம்பரில் இந்தப் பகுதியில் கொட்டிய மழையில் பாறசாலைப் பக்கம் தண்டவாளத்தின்மேல் மண் சரிந்து, நாகர்கோவில் - திருவனந்தபுரம் வண்டிகள் ரத்தாயின. பொறியாளர்கள் வெட்டி, வடிகால் வைத்து, ஆண்டுதோறும் பார்வையிடும் சரிவே அப்படி என்றால், வீடு கட்ட ஜேசிபி வைத்து நட்டமாக வெட்டிய செம்மண் சுவர் எம்மாத்திரம்?

எதிர்வீட்டு ஏற்பாட்டுக்கு அந்த அக்கா சம்மதித்துவிட்டார். முகாமுக்கு மட்டும் வரமாட்டாராம். மகன் அடுத்த விடுமுறையில் வந்து பலாவின் கூரைப்பக்கக் கிளைகளை வெட்டுவித்தான். அடிமரத்தையும் எடுத்துவிடலாம் என்றதற்கு, அது காய்க்கிற மரம் என்று சொல்லிவிட்டார். எங்கள் பட்டியலில் அந்த வீடு இன்னும் ஐந்து மணி வீடுதான்.