காசநோயும் சமூக ஆராய்ச்சியும்

ஓர் அறிஞருடைய ஆராய்ச்சியின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? அவர் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டா? பிற அறிஞர்கள் தம் நூல்களில் அவரை எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்னும் கணக்கைக் கொண்டா? பல்கலைக்கழகங்கள் இவ்விரண்டு கணக்குகளையும் பெரிதும் போற்றுகின்றன. பொதுச் சுகாதாரத் துறைக்கோ மூன்றாவது அளவுகோல் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியின் வாயிலில் வந்து நிற்கும் ஏழை நோயாளிக்கு அந்த ஆராய்ச்சியினால் ஏதேனும் நன்மை விளைந்ததா என்பதே அது. இம்மூன்று அளவுகோல்களாலும் ஆராய்வதற்கு உரியதொரு பணி பெங்களூர் நகரில் நடந்தது. டாக்டர் தேபபர் பானர்ஜி என்பவரின் பணியே அது.

அப்பணியின் பெருமையை உணர, அக்காலத்து நிலைமையை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் காசநோய்க் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. நெரிசலான நகரங்களின் நோயே காசம் என்று அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். கிராமத்திலும் நகரத்திலும் நோயின் அளவு ஏறத்தாழ ஒன்றே என்பதைக் கணக்கெடுப்பு காட்டிற்று. ஆயிரம் பேரில் ஏறத்தாழ நால்வரின் சளியில் நோய்க்கிருமி காணப்பட்டது. பதினைந்து லட்சம் மக்கள் வாழும் ஒரு ஜில்லாவுக்கு இக்கணக்கைப் பொருத்திப் பார்த்தால், பிறருக்கு நோயைப் பரப்பக்கூடியவர் ஐயாயிரம் அல்லது ஆறாயிரம் பேர் இருப்பர். இத்தனை பேருக்கும் படுக்கை அளிக்கச் சானடோரியங்களுக்கு வழி ஏது?

இந்தக் கேள்விக்கு ஒரு பாதி விடையைச் சென்னை நகரம் அளித்தது. 1956-இல் அங்குத் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே வகை மருந்துகளை ஓராண்டுக் காலம் கொடுத்துப் பார்த்தது. வறுமை மிக்க வீடுகளில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர். 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது. படுக்கை இல்லாமலே நோயைத் தீர்க்கலாம் என்பது உறுதியாயிற்று.

மறுபாதிக் கேள்வி எஞ்சி நின்றது. பல்லாயிரம் கிராமங்களில் சிதறிக் கிடக்கும் நோயாளிகளைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? இதற்கு விடை காணும் பொறுப்பு, 1959-இல் பெங்களூரில் அமைக்கப்பட்ட தேசியக் காசநோய் நிலையத்திற்கு வந்தது. பல்லாரிச் சாலையிலுள்ள 'அவலான்' மாளிகையில் அமைந்த அந்நிலையத்தை 1960 செப்டம்பரில் பண்டித நேரு திறந்து வைத்தார். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் அதற்குத் துணை நின்றன. மருத்துவர், புள்ளியியலார், கிருமியியலார் ஆகியோருடன் சமூகவியல் அறிந்தோருக்கும் அங்கு இடமளிக்கப்பட்டது. நோயைப் பற்றிய ஆராய்ச்சியில் மனிதனைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் இடமளித்த இந்த ஏற்பாடு அந்நாளில் புதுமையானது. மருத்துவப் பட்டம் பெற்றபின் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்ற பானர்ஜி இவ்வாறுதான் அங்கு வந்து சேர்ந்தார்.

மத்திய சர்க்காரின் மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டுள்ள நமக்கு அடிக்கடி கைக்கு வரும் தொடர் ஒன்று உண்டு. 'மக்களின் அறியாமை' என்பதே அது. எந்தச் சுகாதாரத் திட்டம் தளர்ந்தாலும் அறிக்கையின் ஏதேனும் ஒரு பக்கத்தில் இத்தொடர் தலைகாட்டும். காசநோயைக் குறித்தும் அன்று இவ்வாறே கருதப்பட்டது. கிராமத்தார் தமக்கு நோய் இருப்பதை உணரமாட்டார். உணர்ந்தாலும் மந்திரத்தையும் நாட்டு மருந்தையும் நாடுவரேயன்றி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். ஆகவே எக்ஸ்ரே வண்டிகளை ஊர் ஊராக ஓட்டி அவர்களைத் தேடிப் பிடித்தல் வேண்டும் என்பது பலரின் எண்ணம்.

இவ்வெண்ணம் மெய்தானா என்று பானர்ஜி சோதித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் அங்குப் பணிபுரிந்த ஸ்டிக் ஆண்டர்ஸன் அவருக்குத் துணையானார். தும்கூர் ஜில்லாவில் 34 கிராமங்களிலும் 4 நகரங்களிலும் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை ஆகியவற்றால் நோயாளிகளாக அறியப்பட்டோரையும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நோயற்ற பிறரையும் சமூக ஆய்வாளர்கள் வீடு தேடிச் சென்று கண்டனர். உடம்பில் என்ன துன்பம், அதைக் குறித்துக் கவலை கொண்டதுண்டா, அதற்காக என்ன செய்தீர்கள் என்று வினவினர்.

விடைகள் பலரையும் திகைக்க வைத்தன. சளியில் கிருமி உள்ளோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் தம் உடம்பில் அறிகுறி இருப்பதை உணர்ந்தே இருந்தனர். ஏறத்தாழ 70 பேர் அதைக் குறித்துக் கவலை கொண்டிருந்தனர். பாதிக்குச் சற்று மேற்பட்டோர் நவீன மருத்துவம் அளிக்கும் இடத்திற்கே சென்று முறையிட்டும் இருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது என்ன? சளியைச் சோதிப்பார் இல்லை. இருமலுக்கு ஒரு புட்டி மருந்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டனர். அறியாமை எங்கே இருந்தது என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வாராய்ச்சி 1963-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. இதிலிருந்து பிறந்த கருத்தை 'உணர்ந்த தேவை' எனத் தமிழில் எழுதுகிறோம். இத்தொடர் சற்றுக் கரடுமுரடானது. பொருளோ எளியது. மக்கள் தாமே துன்பத்தை உணர்ந்து உதவி தேடி வருகின்றனர். வந்தவர்களை முதலில் கவனியுங்கள். அதன்பின் வராதவர்களைத் தேடிச் செல்லலாம் என்பதே அதன் சாரம். ஊரூராகத் தேடுவதற்கு எக்ஸ்ரே வண்டி வேண்டும், மின்சாரம் வேண்டும், கைதேர்ந்தவர் வேண்டும். இருமலுடன் வருபவரின் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்ப்பதற்கோ ஓர் உருப்பெருக்கியும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். ஏழை நாட்டுக்கு இயன்ற வழி இது.

1962-இல் வகுக்கப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஜில்லாவுக்கு ஒரு காசநோய் மையம். சிற்றூர் ஆஸ்பத்திரிகளில் சளிப் பரிசோதனை. வீட்டிலிருந்தே உண்ண இலவச மருந்து. தனிப் படை ஒன்றை அமைக்காமல், பொது மருத்துவ சேவைக்குள்ளேயே இப்பணியும் கலந்து நடைபெறும். இந்தியாவில் பத்தாண்டுக் காலம் காசநோய்ப் பணி செய்த ஹாப்டன் மாலர், 1973 முதல் 1988 வரை உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்தார். அவர் காலத்தில், 1978-இல், அல்மா ஆட்டா மாநாடு ஆரம்ப சுகாதார சேவையை உலகின் குறிக்கோளாக அறிவித்தது.

பெங்களூர் நிலையத்தின் மற்றோர் ஆராய்ச்சியையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். 1961 முதல் 1968 வரை பெங்களூர் ஜில்லாவின் 119 கிராமங்களை அந்நிலையத்தார் மீண்டும் மீண்டும் கணக்கெடுத்தனர். முறையான சிகிச்சைத் திட்டம் எட்டாத அவ்வூர்களில், கிருமியுடன் காணப்பட்டோரில் ஐந்தாண்டுகளுக்குள் 49 சதவீதத்தினர் மாண்டனர். 18 சதவீதத்தினர் நோயுடனே வாழ்ந்தனர். எஞ்சியோர் கிருமி நீங்கப் பெற்றனர். இருமல் மருந்துப் புட்டியுடன் திரும்பியவருக்கு என்ன நேரக்கூடும் என்பதை இந்த எண்கள் விளக்குகின்றன.

பானர்ஜி 1964-இல் பெங்களூரை விட்டு நீங்கினார். பின்னர் டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத்திற்கும் மக்கள் நலத்திற்குமான ஆய்வு மையத்தை நிறுவினார். பல மாநிலங்களைச் சேர்ந்த 19 கிராமங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, வறுமைக்கும் வர்க்கத்திற்கும் சுகாதாரப் பழக்கங்களுக்கும் உள்ள தொடர்பை 1982-இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி இயக்கம் நடத்தும் போக்கை அவர் இறுதிவரை கண்டித்தார். குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகள் கிராம சுகாதார ஊழியர்களின் நேரத்தையெல்லாம் விழுங்கிவிட்டன என்பது அவரது முக்கியமான குற்றச்சாட்டு. அவருடைய மாணவர்கள் நாடெங்கும் ஆசிரியர்களாகவும் ஆய்வாளர்களாகவும் பணியாற்றுகின்றனர். முதலிரண்டு அளவுகோல்களும் ஐயமின்றி நிறைவேறின.

மூன்றாவது அளவுகோலோ நம்மைத் தயங்க வைக்கிறது. 1962-ஆம் ஆண்டுத் திட்டம் எண்ணத்தில் சிறந்தது, செயலில் தளர்ந்தது. பணம் போதவில்லை, மருந்து இடையிடையே தீர்ந்தது, சிகிச்சையை முடித்தவர் பாதிக்கும் குறைவு என 1992-இல் நடந்த மறுஆய்வு கண்டது. அடுத்த ஆண்டில் புதிய முறை சோதனையாகத் தொடங்கி, 1997-இலிருந்து படிப்படியாக விரிந்து, 2006-க்குள் நாடு முழுவதும் பரவியது. ஊழியர் கண்முன் மருந்து விழுங்கச் செய்யும் அம்முறையைப் பானர்ஜி ஏற்கவில்லை. ஆயினும் தாமாக வரும் நோயாளியின் சளியைச் சோதித்தல் என்னும் பெங்களூர்க் கொள்கை அதிலும் நிலைபெற்றது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், காசநோய்க்குரிய அறிகுறி உடையோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர் எந்த மருத்துவரையும் நாடவில்லை எனத் தெரிந்தது. அறிகுறியைப் பொருட்படுத்தாமை பெரும்பாலோர் சொன்ன காரணம். இதைக் கண்டவுடன் 'மக்களின் அறியாமை' என்று மீண்டும் எழுதக் கை துறுதுறுக்கும். தும்கூரில் நடந்தது போல, அவர்களை வீடு தேடிச் சென்று, என்ன துன்பம், ஏன் செல்லவில்லை, முன்பு சென்றபோது என்ன நடந்தது என்று கேட்ட பிறகே அத்தொடரை எழுதும் உரிமை நமக்கு உண்டாகும். ஒரு நாள் கூலியை இழந்து வந்து, வரிசையில் நின்று, வெறுங்கையுடன் திரும்பியவர் மறுமுறை வரத் தயங்குவது இயல்பன்றோ?

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், அரசாங்க சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம், மருந்தும் இலவசமே. நேயர்கள் இதனை அறிந்து பிறருக்கும் சொல்லவேண்டும். சளியைச் சோதிக்காமல் மருந்துப் புட்டி மட்டும் கொடுக்கப்பட்டால், பரிசோதனை வேண்டும் என்று தயங்காமல் கேட்கவும் வேண்டும். அவ்வாறு கேட்பது குற்றமன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன் தும்கூர்க் கிராமத்தார் எதை நாடி வந்தனரோ அதையே நாமும் கேட்கிறோம்.