மலைப்பாதையும் ஜீப்பின் பட்டையும்

மேடு பள்ளம் இல்லாத வாழ்க்கையும் இல்லை. மேடு பள்ளம் இல்லாத பாதையும் இல்லை. பாதையின் மேடு பள்ளம் வண்டியில் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பை எட்டாதபடி இடையில் நின்று தாங்கிக்கொள்ளும் உறுப்பே வில் எனப்படும் ஸ்பிரிங் ஆகும். எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும் இவ்வகை வில் குதிரை வண்டிக் காலத்திலேயே வழக்கில் இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் தயாரான ஜீப்பின் நான்கு சக்கரங்களுக்கும் இதே ஏற்பாடுதான். பட்டறைகளில் இதனைச் சுருக்கமாகப் 'பட்டை' என்பர். நாமும் அவ்வாறே அழைப்போம்.

எங்கள் தேனி மாவட்டத்தில் ஜீப் என்பது பொழுதுபோக்கு வண்டியன்று. அது சோறு போடும் வண்டி. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆணும் பெண்ணுமாகத் தொழிலாளர் பலர் விடியற்காலையில் ஜீப்பேறிச் செல்கின்றனர். சாலையை விட்டுத் தோட்டத்துப் பாதையில் இறங்கிவிட்டால் கல்லும் சேறும்தான். 'நீளமான பட்டை மாற்றினால் வண்டி குலுங்காது. எந்தப் பாறையிலும் ஏறும்' என்ற பேச்சு ஜீப் ஓட்டும் அண்ணன்மாரிடையே அடிபடுகிறது. இயற்பியல் படிக்கும் என்னிடம் சிலர் இது உண்மைதானா என்று கேட்டனர். வகுப்பில் கற்றதையும், பட்டறை ஒன்றில் சில நாள் நின்று கவனித்ததையும் சேர்த்து இங்கே விடை கூற முயல்கிறேன்.

பட்டையின் அமைப்பு

அடுக்கில் மிக நீளமானது மெயின் பட்டை. அதன் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு முனை சேஸில் உள்ள தாங்கியில் பின் கொண்டு நிலையாகப் பொருத்தப்படும். மறுமுனை ஊஞ்சல்போல் ஆடும் சாக்கிளில் தொங்கும். பாரம் ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்கிறது. நிமிர்ந்தால் இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தூரம் கூடும். அவ்வாறு கூடுவதற்கு இடம் கொடுப்பதே சாக்கிளின் வேலை. நடுவே சென்டர் போல்ட் பட்டைகளைக் கோக்கிறது. யூ போல்ட்டுகள் அடுக்கினை ஆக்சிலோடு இறுக்குகின்றன.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. பட்டை வெறும் மெத்தையன்று. ஆக்சில் முன்னும் பின்னும் நகராமலும், சுழன்று விடாமலும் பிடித்து வைத்திருக்கும் கையும் அதுவே.

ஆய்வுக்கூடம் கூறும் உண்மை

நண்பர்களே! இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் யங் குணகம் காண நாம் செய்த சோதனை நினைவிருக்கிறதா? மீட்டர் அளவுகோல் ஒன்றை இரு கத்தி முனைகளின்மேல் வைத்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தாழ்கிறது என்று நகரும் நுண்ணோக்கியால் அளந்தோம் அல்லவா? அந்த அளவுகோலைத் தலைகீழாகக் கற்பனை செய்தால் அதுவே ஜீப்பின் பட்டை!

தாழ்வு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்று அச்சோதனையில் கற்றோம். இதனை ஜீப்புக்குப் பொருத்திப் பார்ப்போம். 40 அங்குலப் பட்டை ஒன்று குறிப்பிட்ட பாரத்திற்கு 2 அங்குலம் தாழ்கிறது என்று கொள்வோம். அதே தடிமன், அகலம், எண்ணிக்கை கொண்ட 44 அங்குலப் பட்டை அதே பாரத்திற்கு ஏறக்குறைய 2.66 அங்குலம் தாழும். 48 அங்குலமானால் 3.46 அங்குலம்! நீளம் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான். தாழ்வோ முக்கால் பங்குக்கு நெருக்கமாகக் கூடிவிட்டது. 'கொஞ்சம்தானே நீளம்' என்று எண்ணுவோர் இந்த மும்மடியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பட்டையினுள் எழும் தகைவு நீளத்திற்கு நேர்விகிதத்திலும், தடிமனின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். எனவே நீளத்தை மட்டும் 10 சதவீதம் கூட்டினால் அதே பாரத்திற்குத் தகைவும் 10 சதவீதம் ஏறும். பட்டை விரைவில் சோர்ந்து முறியலாம். நீளத்தை 10 சதவீதமும் தடிமனை 5 சதவீதமும் கூட்டினாலோ தகைவு ஏறக்குறைய பழைய அளவிலேயே நிற்கும். விறைப்பு மட்டும் சுமார் 13 சதவீதம் குறையும். நீளமான பட்டையின் உண்மையான நன்மை இதுவே. ஆனால் இந்நன்மை, நீளத்தோடு தடிமனையும் கணக்கிட்டுச் செய்த பட்டைக்கே உரியது; வேறொரு வண்டியிலிருந்து கழற்றியதை அப்படியே மாட்டுவதால் வருவதன்று.

பாறையில் ஏறுவது எப்படி?

ஒரு சக்கரம் பாறையின்மேல் ஏறும்போது அதே ஆக்சிலின் மறுசக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டும். விறைத்த பட்டை அதற்கு இடம் கொடாது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கச் சக்கரங்களுக்கும் சம அளவு முறுக்குவிசையைத்தான் தரும். அந்தரத்தில் தொங்கும் சக்கரம் எதிர்ப்பின்றிச் சுழல்வதால் தரையில் உள்ள சக்கரத்திற்கும் விசை கிட்டாது. நீண்டு இளகிய பட்டையோ இரு சக்கரங்களையும் தரையோடு ஒட்ட வைக்கும். இதற்காகவே அமெரிக்காவில் காடுமேடுகளில் வண்டியோட்டுவோர், 1987 முதல் 1995 வரை வந்த ராங்ளர் ஜீப்பின் பட்டைகளைச் சிறிய சுசுகி சாமுராய் வண்டிகளுக்கு மாற்றிப் பொருத்துகின்றனர். நம் நாட்டில் 1985இல் வந்த மாருதி ஜிப்சி அந்தச் சுசுகியின் உறவுக்கார வண்டியே.

ஒன்று மாறினால் ஒன்பது மாறும்

நீளமான பட்டையைப் பழைய தாங்கிகளிலேயே மாட்ட முயன்றால் சாக்கிள் படுத்துவிடும். நிமிர்வதற்கு இடமில்லாத பட்டை, எவ்வளவு இளகியதாயினும் கல்லாகிவிடும். ஆகவே தாங்கியையோ சாக்கிளின் இருப்பிடத்தையோ சேஸில் தள்ளி அமைக்க வேண்டும். சென்டர் போல்ட் புதிய பட்டையில் எங்கே உள்ளது என்பதையும் அளக்க வேண்டும்; அது விலகினால் ஆக்சிலும் முன்பின் விலகும்.

முன் ஆக்சிலில் சக்கரம் திரும்பும் அச்சு மேற்புறம் சில பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானே நேராவது அச்சாய்வினால்தான். பட்டை மாற்றத்தில் ஆக்சில் சிறிது சுழன்றாலும் சாய்வு கெட்டு, வண்டி நேர்கோட்டில் நில்லாது அலையும்.

ஆக்சில் முன்னைவிட அதிகமாக ஏறி இறங்குவதால், இன்ஜினின் விசையைக் கொண்டுவரும் புரப்பெல்லர் ஷாஃப்டின் நீளமும், அதன் ஜாயின்ட்டுகளின் கோணமும் போதுமா என்று பார்க்க வேண்டும். ஷாக் அப்சார்பர் நீளம் போதாவிடில் அதுவே பட்டையைக் கட்டிப்போடும். எல்லாவற்றினும் முக்கியமானது பிரேக் ஹோஸ். சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் ஹோஸ் விறைத்து நிற்குமானால் ஒருநாள் அது பிய்ந்துகொள்ளும். ஜாக்கியில் சேஸைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு இதனைச் சோதிப்பது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் பல உயிர்களின் விலை.

இளகிய பட்டைக்கு வேறொரு குறையும் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் ஆக்சில் முறுக்கும்போது அது பாம்புபோல் நெளியும். பழைய யூ போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தாமல் புதியன போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்குதல் வேண்டும். பட்டையின்மேல் வெல்டிங் வைத்தல் கூடவே கூடாது. சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு அவ்விடத்தில் பதம் கெட்டு, நொறுங்கும் தன்மை பெறும்.

யாருக்கு ஏற்றது?

ஓட்டுநரும் ஒரு துணையுமாகப் பாறையேறும் வண்டிக்கு நீளமான பட்டை நன்மையே. தொழிலாளர்களை ஏற்றும் ஜீப்பின் கதை வேறு. சுமை கூடக் கூட இளகிய பட்டை அமிழ்ந்து, ரப்பர்க் கட்டையில் இடிக்கும். அதன்பின் பட்டை இருந்தும் இல்லாததே. போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில், மெத்தென்ற வண்டி வெளிப்புறமாக அதிகம் சாயும். மேட்டுப் பாதையில் நாம் வேண்டிப் பெற்ற இளக்கம் வளைவில் நமக்கே பகையாகிறது!

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களிலிருந்து பதிவுச்சான்று விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது.

ஆகவே என்னைக் கேட்ட அண்ணன்மாருக்கு நான் கூறிய விடை இதுதான்: தொழிலாளர் வண்டிக்கு அதற்கென வகுத்த பட்டையே போதும். முறிந்த பட்டையை உடனே மாற்றுங்கள். தேய்ந்த புஷ்களைப் புதுப்பியுங்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றாதீர்கள். குலுக்கலில் பெரும்பங்கு இவற்றாலேயே குறையும். எஞ்சும் குலுக்கலை வேகத்தைக் குறைத்துத் தணியுங்கள். கூலிக்குச் செல்லும் தாய்மார்கள் மாலையில் முழுதாக வீடு திரும்புவதைவிடச் சொகுசான பயணம் வேறு உண்டோ?